குண்டனுக்குச் சேராத சைவம்

நவமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒரு காலத்தில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம், "குண்டன் ஒருத்தனப் பாக்கவே நேரம் பத்தல லா" என்று சொல்லிவிட்டு மோட்டோவைக் கிளப்பிவிடுவாள். புதிதாகக் கேட்டவர்கள் விழிப்பார்கள். குண்டன் ஆள் இல்லை, ஒரு தொட்டி.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. அதன் சமையற்கூடத்துக்குப் பின்னால், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்திருக்கிறது இருபதாயிரம் லிட்டர் பயோகேஸ் தொட்டி. கோயிலில் தினமும் நடுப்பகலில் முந்நூறு பேருக்கு அன்னதானம். மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், அபிஷேகப் பால், கனிந்து போன வாழைப்பழம் எல்லாம் தொட்டிக்குள் போகும். உள்ளே அது புளித்து, நொதித்து, காற்றாகும். அந்தக் காற்றில்தான் மறுநாள் சோறும் சாம்பாரும் வேகும். காற்று சேரச் சேரத் தொட்டியின் மூடி தொப்பை போட்டதுபோல மேலே எழும்பி வரும். அதனால் குண்டன் என்று பெயர். பெயர் வைத்தவன் சாஹித் என்ற மீன்காரன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நவமணி இருபத்தாறு வருஷம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், முலாம் பூசும் பிரிவில் இருந்தவள். விரல்நகம் அளவு சாமான்களுக்கு நிக்கல் பூசுகிற வேலை. கைக்கு இரண்டு உறை, மூக்குக்கு ஒரு மூடி. சாப்பிட உட்காருமுன் மூன்று தடவை கை கழுவுவாள். அந்த வேலையை வைத்து இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்துக் கரையேற்றினாள். ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் ஷா ஆலாமில். பிறகு தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது. தம்பிகள் "எங்களோட வந்துரு அக்கா" என்றார்கள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே கோயிலில் காய் நறுக்கப் போனாள். அந்த வருஷம் தொட்டி வந்தது. கெப்பாலா பத்தாஸில் மூன்று நாள் பயிற்சிக்கு யாராவது போகவேண்டும் என்றதும், கமிட்டி ஆண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நவமணி கையைத் தூக்கினாள். அன்றிலிருந்து தொட்டி அவளுடையது, அவள் தொட்டியுடையவள்.

அவள் குண்டனைப் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்லவேண்டும். காலையில் வந்ததும் மூடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். குழாயருகே குனிந்து மோந்து பார்ப்பாள். "என்னடா, நேத்து சாம்பார் ஒத்துக்கலயா?" என்று கேட்பாள். சமையற்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும், அடுப்பு சரியாக எரியாவிட்டால் முதலில் தேடுவது அவளைத்தான்.

இனி சாஹித். பாசாரில் மீன் விற்பவன், நாற்பது வயது, நவமணிக்கு நல்ல கெம்போங் மீனாகப் பொறுக்கிக் கொடுப்பவன். எதையும் கொஞ்சம் கலந்து போட்டால் தொட்டிக்கு நல்லது என்று பயிற்சியில் யாரோ சொன்னதை நினைவில் வைத்து, நவமணி அவனிடம் மீன் குடல் கேட்டாள். அன்று முதல், கடை கட்டியதும் பன்னிரண்டு மணிவாக்கில், ஒரு நீல வாளி நிறையக் குடலும் செவுளும் பின்சந்து வழியாகக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போவான். "சாப்பிடுடா குண்டா" என்று மூடியை இரண்டு தட்டுத் தட்டுவான். நாலு வருஷம், மழையானாலும் வெயிலானாலும் வாளி வந்தது. கமிட்டிக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஆனால் தொட்டிக்குள் என்ன போகிறது என்று எட்டிப் பார்க்கிற மூக்கு கமிட்டியில் யாருக்கும் இல்லை.

போன புரட்டாசியில் வந்தது வினை.

சிங்கப்பூர்த் தம்பி மனைவிக்குப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் குழந்தை தங்கியது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நவமணி முருகனிடம் நேர்ந்துகொண்டாள். புரட்டாசி முழுக்க மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயம்கூட இல்லை. விரதம் கடுமையானால் புத்தி எங்கெங்கேயோ போகும். ஒரு நாள் பிரசாதப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தபோது அடுப்பைப் பார்த்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. இந்த நெருப்பு மீன் குடலில் இருந்தல்லவா வருகிறது? சாமிக்கு வைக்கிற பாயசமாயிற்றே. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கே பட்டது.

சாஹித்திடம் அதை எப்படிச் சொல்வது? உன் வாளி சுத்தமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல நா எழவில்லை. "தம்பி, பின்வீட்டுக்காரங்க நாத்தம்னு கம்ப்ளேன் பண்றாங்க. கொஞ்ச நாளைக்கு வாளி வேணாம்" என்றாள். "சரிக்கா" என்று மோட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான்.

புரட்டாசி முடிந்தது. ஐப்பசி முதல் தேதியே நவமணி கெம்போங் குழம்பு வைத்துச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். குண்டனை மட்டும் விரதத்திலேயே வைத்திருந்தாள். நமக்கு ஒரு மாசம், அவனுக்கு ஆயுசுக்கும் என்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

தீபாவளி தாண்டியதும் குண்டன் சோர ஆரம்பித்தான். தொப்பை எழும்பவில்லை. அடுப்பில் நீலச் சுடர் வெளிறி, நடுங்கி, பர்னரை விட்டுத் தாவி அணைந்தது. தொட்டியின் ஓரங்களில் நுரை கட்டியது. புளித்த வாடை அடித்தது. நவமணி சுண்ணாம்பு கரைத்து ஊற்றினாள். இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் பழைய கதை. பிள்ளை இளைத்துவிட்டான் என்று தாய்மார்கள் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். பஞ்சாமிர்தத்தில் மிஞ்சியதை எல்லாம் வழித்துக் கொண்டுவந்து ஊட்டினாள். வெல்லம், பேரீச்சம்பழம், பால். இனிப்பு போகப் போக உள்ளே புளிப்பு ஏறியது. மார்கழி முடிவதற்குள் சமையற்கூடம் முழுக்க முழுக்கக் கேஸ் சிலிண்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி முதல் வாரம் கமிட்டி கூடியது. தலைவர் மெய்யநாதன் செட்டியார் அறுபத்தெட்டு வயதுக்காரர், நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுகிறவர். வீட்டில் வாரம் தவறாமல் நண்டு மசாலா, கோயில் வாசலை மிதித்துவிட்டால் சுத்த சைவம்.

"தைப்பூசத்துக்குப் பத்தாயிரம் பேரு சாப்பிட வருவாங்க. கெட்டுப்போன தொட்டிய வெச்சிக்கிட்டு நாத்தத்துலயா பரிமாற முடியும்? பூசத்துக்கு ஒரு வாரம் முந்தி தோண்டி எடுத்துருவோம். அந்த எடத்துல மோட்டோ நிறுத்தலாம்" என்றார். பிறகு நவமணியைப் பார்த்தார். "சமையக்காரங்க சொன்னாங்க, அதுல மீனு போட்டாங்களாமே? யாரோ பாசார்ப் பாய் கொண்டாந்து கொட்டுனானாம். அதான் தொட்டி கெட்டுப்போச்சு. இனிமே அந்த ஆள பின்சந்துல விடாதீங்க."

வாளி நின்று மூன்றரை மாசம் ஆகிறது, வாளி இருந்தவரை தொட்டி நன்றாகத்தான் இருந்தது என்று நவமணி சொல்லியிருக்கவேண்டும். சொன்னால், நாலு வருஷம் மீன் போட்டது நீதானா என்ற கேள்வி வரும். சாவியை வாங்கிவிடுவார்கள். குண்டன் இல்லாவிட்டால் காலையில் எழுந்து அவள் போவதற்கு இந்த ஊரில் ஓர் இடம் கிடையாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல பெண்தான், ஆனால் அன்று கோழையாக இருந்தாள்.

ஒன்று மட்டும் செய்தாள். பயிற்சியில் பாடம் எடுத்த பிரேமாவைப் போனில் பிடித்தாள். பிரேமா பல்கலைக்கழகத்தில் இந்தத் தொட்டிகளையே ஆராய்ச்சி செய்கிற டாக்டர். மறுநாளே வந்து, போத்தலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள்.

"அக்கா, தீனிக்குக் குறைச்சல் இல்ல. உள்ள புளிப்பு மலையா சேந்துருக்கு. உங்க பேக்டரி லைன் மாதிரி நெனச்சுக்குங்க. மொத ஆளுங்க சோத்த ஒடச்சு புளிப்பாக்குவாங்க. கடைசி ஆளுங்க புளிப்பக் காத்தாக்குவாங்க. இப்ப கடைசி ஆளுங்க கைகட்டி உக்காந்துருக்காங்க."

"ஏன் உக்காந்துருக்காங்க?"

"அவங்களுக்குக் கொஞ்சூண்டு உலோகச் சத்து வேணும். கோபால்ட், நிக்கல், செலீனியம், இரும்பு, இப்படி. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அது இல்லன்னா எவ்வளவு சோறு போட்டாலும் வேலை ஓடாது."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நவமணிக்குத் தெரியும். ஆனால் நிக்கல் என்றதும் தூக்கிவாரிப்போட்டது. "நிக்கலா? இருபத்தாறு வருஷம் அது என் மேல படாம இருக்கக் கையுறை போட்டேன் டாக்டர். அதையா அவனுக்கு ஊட்டச் சொல்றீங்க?"

"எல்லாம் அளவுலதான் இருக்கு. கூடிப்போனா அந்த ஆளுங்களும் செத்துருவாங்க. அதனாலதான் கேக்கறேன். இந்தத் தொட்டி நாலு வருஷம் நல்லா இருந்துச்சு. எங்கேந்தோ அந்தச் சத்து வந்துருக்கு. எது நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா எது குறையுதுன்னு சொல்லிருவேன். தெரியாம குருட்டாம்போக்குல கலந்து குடுக்க முடியாது. உலோகம் ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி வர ஒண்ணரை மாசம் ஆகும். நீங்க எதையாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தல" என்றாள் நவமணி.

சொல்லி முடித்ததும் நாளை எண்ணிப் பார்த்தாள். ஒன்றரை மாதத்தில் குண்டன் இருந்த இடத்தில் மோட்டோ நிற்கும்.

மறுநாள் காலை பாசாருக்குப் போனாள். காய் வாங்கத்தான் போனாள் என்று அவளே நம்பிக்கொண்டாள். சாஹித் ஒரு பெரிய சென்னாங்கின் மீனின் வயிற்றைக் கிழித்துக் குடலை வழித்துக்கொண்டிருந்தான். நீல வாளி காலருகே நிரம்பி இருந்தது. அதை இப்போது குப்பை லாரிக்குத்தான் போடுகிறான்.

"அக்கா, குண்டன் எப்படி இருக்கான்?" என்றான், நிமிராமலே.

அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தையில் நவமணி உடைந்து போனாள். மீன்கடை முன்னால், ஆள் நடக்கிற வழியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். குண்டன் சாகக் கிடப்பதையும், பின்வீட்டுக்காரன் எவனும் எதுவும் சொல்லவில்லை என்பதையும், விரதத்தில் தனக்கு வந்த யோசனையையும், கமிட்டியில் அவன் மேல் பழி விழுந்தபோது தான் வாயைத் திறக்காததையும் சொன்னாள்.

சாஹித் கத்தியைக் கீழே வைத்தான். "நாத்தம்னு நீங்க சொன்னப்பவே நம்பலக்கா. பின்னாடி வாய்க்கால் ஓடுது, அத விடவா என் வாளி நாறிடும்?" கையைத் துடைத்துக்கொண்டான். "மீனுக்காக நிறுத்துனீங்கன்னு தெரியாது. என் பேருக்காக நிறுத்துனீங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

"தம்பி..."

"இல்லக்கா. கோயிலு. யாராச்சும் ஏதாச்சும் சொல்லிருப்பாங்க, அக்கா என்ன பண்ணுவாங்கன்னு விட்டுட்டேன்."

மூன்றரை மாசமாக அதை மனசில் வைத்துக்கொண்டுதான் அவன் அவளுக்கு நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறான். நவமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கருவாட்டுக் கடைக்காரி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அதில் உட்கார்ந்தபடியே அவள் பிரேமாவுக்குப் போன் போட்டாள். "டாக்டர், நேத்து நான் பொய் சொல்லிட்டேன். மீன் குடல நிறுத்துனேன். தினம் பதினஞ்சு கிலோ, நாலு வருஷமா போட்டுக்கிட்டிருந்தத நிறுத்துனேன்."

"அப்படிச் சொல்லுங்க. செலீனியம், கோபால்ட் எல்லாம் அந்த வாளிலதான் வந்துருக்கு" என்றாள் பிரேமா. "நாளைக்கே கலந்து கொண்டாறேன். ஆனா அக்கா, ரிப்போர்ட்ல இத எழுதணும். தலைவர் படிப்பாரு."

"அவரு படிக்கறதுக்கு முந்தி நானே சொல்லிர்றேன்."

நேராகக் கோயில் அலுவலகத்துக்குப் போனாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். செட்டியார் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"நாலு வருஷமா, எனக்குத் தெரியாம" என்றார் கடைசியில்.

"ஆமாங்கய்யா."

"அப்புறம் நீயே நிறுத்திட்டு, நான் அந்தப் பையனத் திட்டுனப்பவும் சும்மா இருந்துட்ட."

"இருந்துட்டேன் ஐயா. சாவிய வாங்கிருவீங்கன்னு பயந்துட்டேன்." சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

செட்டியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "விசாரிக்காமப் பேசுனது என் தப்பு" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். பிறகு சாவியை அவள் பக்கம் தள்ளினார். "டாக்டர் குடுக்கறத ஊத்து. பூசத்துக்கு ஒரு வாரம் முந்தி வரைக்கும் பாப்பேன். அடுப்பு எரியலன்னா தோண்டத்தான் செய்வேன். அதுல மாத்தமில்ல."

அந்தக் கெடுவுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

பிரேமா கொண்டுவந்த போத்தல் குடிதண்ணீர்ப் போத்தல் அளவுதான் இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு திரவம். தினம் முப்பது மில்லி, ஒரு சொட்டும் கூடக்கூடாது. நவமணி பழைய வழக்கப்படி இரண்டு கையுறை போட்டு, மூக்கை மூடி, ஊசியில்லாத சிரிஞ்சில் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து அளந்தாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைத் தொழிற்சாலையில் அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை, அவள் கை அப்படிப்பட்ட கை. பிரேமா சொன்னபடி குண்டனுக்கு ஐந்து நாள் சோறு கிடையாது. இவ்வளவு பெரிய வயிற்றுக்கு ஒரு சிரிஞ்சுத் தண்ணீர் எந்த மூலைக்கு என்று சமையற்காரர்கள் கேட்டார்கள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமலில்லை. ஆனாலும் உள்ளங்கையை மூடியில் வைத்து, "தேறிடுவடா, தேறிடுவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் புளித்த வாடை குறைந்தது. ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தாள். ஒன்பதாம் நாள் மூடி இரண்டு விரற்கடை எழும்பியது. அதை அளந்துவிட்டு அவள் யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம். பன்னிரண்டாம் நாள் ஒரு முழம். பதினான்காம் நாள் காலையில் செட்டியாரே வந்து அடுப்பு முன்னால் நின்றார். நவமணி குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினாள். நீலமாகப் பற்றிக்கொண்டு நின்றது சுடர், நடுங்கவில்லை. அபிஷேகப் பாலில் ஒரு குண்டான் எடுத்து ஏற்றினார்கள். பொங்கி வழிந்தது. செட்டியார் அங்கேயே போனை எடுத்து, தோண்ட வரவேண்டிய ஆளை வரவேண்டாம் என்று சொன்னார். நவமணி குண்டன் பக்கம் போய் மூடியைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வெட்கம் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். போத்தல் போதும், வாளி தேவையில்லை என்று பிரேமாவும் சொல்லிவிட்டாள். ஆனால் சனிக்கிழமை காலை நவமணி பாசாரில் இருந்தபோது, கையில் பையோடு செட்டியார் வந்து சேர்ந்தார். சாஹித் கடைமுன் நின்று நண்டு கேட்டார். ஒரு கிலோ என்றார், இரண்டு என்றார், மூன்று என்றார். மூன்று கிலோ நண்டைத் தின்ன அவர் வீட்டில் ஆள் இல்லை. வந்த காரியம் வேறு என்று நவமணிக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, ஒன்னப் பத்தித் தெரியாமப் பேசிட்டேன்" என்றார் ஒருவழியாக. "நாளைலேருந்து வாளி கொண்டு வா."

சாஹித் நவமணியைப் பார்த்தான். "போத்தல் இருக்கு, வாளி வேணாம்னு அக்கா சொன்னாங்களே ஐயா."

"டாக்டருக்கு வேணாம். எனக்கு வேணும். வாளி வந்தா போத்தல்ல எவ்வளவு கொறைக்கணும்னு டாக்டர் கணக்குப் பண்ணிச் சொல்லட்டும்."

"கோயில் அடுப்புங்களாச்சே ஐயா. மீனு..."

"சாணி போட்டு ஆரம்பிச்ச தொட்டிதானப்பா அது. உள்ள போறது குப்பை, வெளிய வர்றது நெருப்பு. நெருப்புக்கு ஏது தீட்டு? கமிட்டில சொல்லிட்டேன்." செட்டியார் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வாளிய ஊத்திட்டு ஓடிடாத. நீ வர்ற நேரம் பந்தி நேரம். நாலு வருஷத்துல ஒரு நாளும் உள்ள வந்து சாப்பிட்டதில்லையாமே, ஏன்?"

"யாரும் கூப்பிடலீங்க ஐயா" என்றான் சாஹித். மீன் விலை சொல்வதுபோலத்தான் சொன்னான், குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

நவமணிக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. தினம் முந்நூறு பேருக்குப் பரிமாறியவள். வாளி நிரப்பி வந்தவனை ஊற்றச் சொன்னாளே தவிர, அவனைச் சாப்பிட்டாயா என்று அவளும் ஒரு நாள் கேட்டதில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நீல வாளி வந்தது. ஊற்றி முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு, சாஹித் தயங்கித் தயங்கிப் பந்தியின் கடைசியில் போய் உட்கார்ந்தான். நவமணி இலை போட்டு, சோற்றை அள்ளி வைத்தாள்.

"போதும்க்கா" என்றான்.

அவள் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி வைத்து, சாம்பாரை ஊற்றினாள்.